முடியாத இறந்தகாலம்

இந்தக் கட்டுரை ஸ்பானிஷ் பாஷையின் வினைச்சொல்லைப் பற்றியது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை எழுதுகிறவன் இலக்கணம் பேச உட்கார்ந்தால் வாசகர்களுக்குச் சந்தேகம் வருவது நியாயம். அதுவும் தமிழ் இலக்கணமாக இல்லாமல், பல ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறவர்களுடைய இலக்கணம் என்றால் கேட்கவே வேண்டாம். பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஸ்பானிஷ் பாடபுத்தகம் ஒன்றைச் சில மாதங்களாகப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரே ஓர் அத்தியாயம் என்னைத் தாண்டிப் போகவிடவில்லை. வினைச்சொற்களை ஒருவகை இறந்தகாலத்தில் அடுக்கிச் சொல்லும் பாடம் அது. வாய்ப்பாடு மாதிரி உருப்போடவேண்டிய பாடம். உருப்போட்டுக்கொண்டிருக்கையில், இது இலக்கணம்தானா, அல்லது தர்மசாஸ்திரமா என்ற சந்தேகம் எனக்கு வந்துவிட்டது.

நடந்துபோனதைச் சொல்ல அவர்களிடம் முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. பாடுவதற்கு அவர்கள் சொல் 'கந்தார்'. 'கந்தோ' என்றால் பாடினான். ஒரு தரம் பாடினான், பாடி முடித்தான், அந்தச் சங்கதி தீர்ந்தது. 'கந்தாபா' என்பது வேறு. இதற்குத் தமிழில் ஒரே சொல்லால் பதில் சொல்ல முடியாது. பாடிக்கொண்டிருந்தான் என்றும் வைத்துக்கொள்ளலாம். அந்த நாளில் பாடுவான், பாடுவது அவன் வழக்கம் என்றும் வைத்துக்கொள்ளலாம். எப்போது ஆரம்பித்தான், எப்போது நிறுத்தினான், நிறுத்தினானா இல்லையா என்பதைப் பற்றி அந்தச் சொல்லுக்கு அக்கறையே கிடையாது.

1492ஆம் வருஷம் கொலம்பஸ் கடலில் போன வருஷம் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். அதே வருஷத்தில்தான் அந்தோனியோ தெ நெப்ரிஹா என்ற பண்டிதர் ஸ்பானிஷ் பாஷைக்கு முதல் இலக்கணத்தை அச்சிட்டு இஸபெல்லா ராணிக்குச் சமர்ப்பித்தார். 'கந்தாபா' என்பதற்கு அவர் வைத்த பெயர் எனக்கு மிகவும் பிடித்தது. முடியாத இறந்தகாலம் என்று வைத்தார். இறந்துபோனது எப்படி முடியாமல் இருக்கும் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. லத்தீனில் இருந்ததைத் தம் பாஷையில் சொன்னார், அவ்வளவுதான். இன்றைக்கு 'இம்பெர்ஃபெக்தோ' என்கிறார்கள். இங்கிலீஷ் படித்த நமக்கு அது குறையுள்ளது என்று காதில் விழுகிறது. குறை ஒன்றும் இல்லை. முடியவில்லை, அதுதான் அர்த்தம். 1847இல் சிலி தேசத்தில் இருந்துகொண்டு அமெரிக்க ஸ்பானிஷ்காரர்களுக்காக இலக்கணம் எழுதிய அந்த்ரேஸ் பேயோ இதற்கு உடனிகழ் இறந்தகாலம் என்று வேறு பெயர் கொடுத்தார். நீ வந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது என்றால், வந்தது முடிந்த செயல். மழை அதற்கு உடன் நின்றது. அவர் பார்வை சரிதான். இருந்தாலும் எனக்கு நெப்ரிஹாவின் பெயர்தான் மனசில் நிற்கிறது.

வாய்ப்பாடு எளிது. கந்தாபா, கந்தாபாஸ், கந்தாபா, கந்தாபாமோஸ், கந்தாபாயிஸ், கந்தாபான் என்று ஆறு உருவங்கள். முறையே நான், நீ, அவன், நாங்கள், நீங்கள், அவர்கள். (கடைசிச் சொல் தமிழ்க் காதுக்கு ஆண்பால் ஒருமைபோல் இருக்கிறது, உண்மையில் அது பலர்பால்.) சாப்பிடுவதும் வசிப்பதும் இன்னொரு தினுசு: கோமீயா, கோமீயாஸ், கோமீயா, கோமீயாமோஸ் என்று போகும், விவீயா, விவீயாஸ் என்றும் அப்படியே போகும். முடிந்த இறந்தகாலத்தில் முறைதவறிப் போகிற வினைகள் ஏராளம். மாணவனின் பிராணன் போய்விடும். முடியாத இறந்தகாலத்தில் முறைதவறுகிறவை மூன்றே மூன்றுதான்: இருத்தல், போதல், பார்த்தல். மற்ற ஆயிரக்கணக்கான வினைகளும் கோடு போட்டமாதிரி ஒழுங்காக நடக்கின்றன. செயல்கள்தான் ஒவ்வொன்றும் ஒரு விதம், வழக்கங்கள் எல்லாம் ஒரே மாதிரி என்று யாராவது வேதாந்தம் பேசினால் நான் சண்டைக்குப் போகமாட்டேன்.

அந்த வரிசையை வாசகர்கள் இன்னொரு முறை பார்க்கவேண்டும். முதல் சொல்லும் மூன்றாவது சொல்லும் ஒன்றே. நான் பாடுவேன் என்பதற்கும் 'கந்தாபா', அவன் பாடுவான் என்பதற்கும் 'கந்தாபா'. லத்தீனில் இரண்டுக்கும் கடைசி எழுத்து வேறாக இருந்தது. ஜனங்கள் பேசிப் பேசி அந்த எழுத்துகள் தேய்ந்து உதிர்ந்துவிட்டன. ஆகையால் குழப்பம் வரும் இடத்தில் 'நான்' என்பதைத் தனியாகச் சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது. முடிந்த இறந்தகாலத்தில் இந்த வம்பு இல்லை. 'கந்தே' என்றால் நான் பாடினேன். 'கந்தோ' என்றால் அவன் பாடினான். செய்து முடித்த காரியத்தில் நானும் அவனும் தனித்தனி ஆட்கள். வழக்கத்தில் மட்டும் நான் எங்கே முடிகிறேன், அவன் எங்கே ஆரம்பிக்கிறான் என்பது தெரியாது.

கதைக்காரர்களுக்கு இந்தக் காலம் பெரிய உபகாரி. 'ஒரே ஒரு ஊரிலே ஒரு ராஜா இருந்தான்' என்று நாம் ஆரம்பிப்பதை அவர்களும் முடியாத இறந்தகாலத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். திரை எழும்பும்போது மேடையில் ஏற்கெனவே இருக்கிற சாமான்களெல்லாம் இந்தக் காலத்தில் இருக்கும். யாரோ கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தால் காலம் மாறும். குழந்தைகள் விளையாட்டில்கூட இது உண்டு. நம் வீட்டுக் குழந்தைகள் 'நான்தான் டாக்டராம், நீதான் நோயாளியாம்' என்று 'ஆம்' போட்டு ஒரு பொய் உலகத்தைக் கட்டுகின்றனவே, அந்த வேலையை ஸ்பானிஷ் குழந்தைகள் முடியாத இறந்தகாலத்தால் செய்கின்றன: நான் டாக்டராக இருந்தேன், நீ நோயாளியாக இருந்தாய். கடையில் சாமான் கேட்கும்போதும் 'வேண்டும்' என்று சொல்லாமல், பணிவுக்காக அதே காலத்தில் வேண்டியிருந்தது என்பார்கள். நம்மவர்கள் கடன் கேட்கப் போன இடத்தில் 'ஒரு விஷயம் கேட்கலாம் என்று வந்தேன்' என்று இழுப்பதில்லையா, அந்த ஜாதிதான்.

செர்வாண்டிஸ் 1605இல் வெளியிட்ட டான் க்விக்ஸாட்டின் முதல் வாக்கியத்தில் வருகிற வினை 'விவீயா'. லா மாஞ்சாவில் அந்த மனிதர் வாழ்ந்துகொண்டிருந்தார். என்று முதல் என்று வரை என்ற கணக்கு இல்லை. பிறகு அவர் எத்தனையோ காரியங்கள் செய்கிறார். காற்றாலையோடு மோதுகிறார், ஆட்டு மந்தையைச் சேனை என்று நினைத்துப் பாய்கிறார். அவையெல்லாம் முடிந்த செயல்கள். 1615இல் வந்த இரண்டாம் பாகத்தின் கடைசியில் புத்தி தெளிந்து படுக்கையில் கிடக்கும்போது, தாம் டான் க்விக்ஸாட் இல்லை, அலோன்சோ கிஹானோ என்கிறார். தம்முடைய பழக்கவழக்கங்களைக் கண்டுதான் ஜனங்கள் தமக்கு 'நல்லவர்' என்ற பெயரைக் கொடுத்தார்கள் என்றும் சொல்கிறார். ஆயிரம் பக்கத்துக்குச் செய்த பைத்தியக்காரச் செயல்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, அதற்கு முன்னால் யாரும் கதையாக எழுதாத சாதாரண நாட்களின் பெயரால் அந்த மனிதர் தம்மை அடையாளம் காட்டுகிறார். செத்தது மட்டும் முடிந்த இறந்தகாலத்தில்.

இங்கேதான் எனக்குத் தர்மசாஸ்திரம் குறுக்கிட்டது. ஒரு மனிதனைப் பற்றி நியாயமாகச் சொல்லவேண்டுமானால் எந்தக் காலத்தில் சொல்வது? அவன் செய்ததைச் சொல்வதா, செய்துவந்ததைச் சொல்வதா?

எங்கள் ஊரில் ஒரு கணக்குப்பிள்ளை இருந்தார். முப்பது வருஷம் கோயில் கணக்கை எழுதியவர். விளக்கு எண்ணெயில் ஒரு சொட்டு குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். தம் பையிலிருந்து போட்டுச் சரிக்கட்டுவார். பெண்ணின் கல்யாணத்தின்போது, முகூர்த்தத்துக்கு முதல்நாள் பணம் வராமல் போய், உண்டியல் பணத்தில் கை வைத்துவிட்டார். ஆறு மாதத்தில் முழுவதையும் திருப்பிக் கட்டினார் என்பதை ஊரே அறியும். ஆனாலும் அவர் சாகிற வரைக்கும், செத்த பிறகும், அவருக்குக் 'கோயில் பணத்தை எடுத்தவர்' என்பதுதான் பெயர். ஒரு 'எடுத்தார்' முப்பது வருஷத்து 'எழுதுவார்' அத்தனையையும் விழுங்கிவிட்டது.

அதே ஊரில் ஒரு பெரிய மிராசுதாரும் இருந்தார். களத்தில் ஆட்களை அடிப்பார். இதைச் சொல்லும்போது ஊரார் குரல் எப்படி இருக்கும் தெரியுமா? 'அந்தக் காலத்தில் அடிப்பார்கள்' என்பார்கள். வெயில் காலத்தில் வெயிலடிக்கும் என்று சொல்கிற மாதிரி. எந்தத் தேதியில், எந்தக் களத்தில், யாருடைய முதுகில் என்ற கேள்வி அந்த வாக்கியத்துக்குள் நுழையவே முடியாது. தனி ஒருவர் செய்த குற்றம் ஒரு பருவநிலை ஆகிவிட்டது. கணக்குப்பிள்ளைக்குக் கிடைக்காத முடியாத இறந்தகாலம் மிராசுதாருக்குத் தாராளமாகக் கிடைத்தது. ஏழை செய்ததற்குத் தேதி உண்டு; பெரிய மனிதர் செய்ததற்குக் 'காலம்' உண்டு.

ஆகவே இந்தக் காலத்தை வெறும் கருணையின் காலம் என்று நான் கொண்டாடப் போவதில்லை. அடுத்தவனைப் பற்றிப் பேசும்போது இதைப் பயன்படுத்துவது பெருந்தன்மை. அவன் ஒருநாள் இப்படிச் செய்தான் என்பதோடு நிறுத்தாமல், நாள்தோறும் என்ன செய்துவந்தான் என்று கேட்கத் தூண்டுகிறது. தன்னைப் பற்றிப் பேசும்போது அதுவே ஒளிந்துகொள்ள நல்ல புதர். 'அப்போதெல்லாம் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது' என்று சொல்கிறவன் 'நான் செய்தேன்' என்ற ஒரு சொல்லைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். தன்மையும் படர்க்கையும் ஒரே உருவமாக இருக்கிற பாஷையில் அந்த ஒளிவு இன்னும் வசதி.

ஊர்க் கதையில் கண்ட இதையே ஒரு தேசத்தின் அளவில் பார்க்கவேண்டுமானால், ஸ்பானிஷ் பேசுகிற அர்ஜெண்டினாவைத்தான் சொல்லவேண்டும். 1976 மார்ச் 24ஆம் தேதி அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1983 வரை ஆண்டது. அந்த வருஷங்களில் ஆட்கள் காணாமல் போனார்கள். பாருங்கள், நானே எப்படி எழுதுகிறேன்! ஏதோ அவர்களாகவே தெருமுனையில் வழி தவறிவிட்டமாதிரி. ராணுவத்துக்கு வேண்டியிருந்ததும் இந்த வாக்கியம்தான். பிடித்தவன் இல்லை, பிடித்த நாள் இல்லை, கொன்ற இடம் இல்லை. 1979இல் பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது ஜெனரல் விதேலா, காணாமற்போனவர் என்பவர் செத்தவரும் இல்லை, உயிரோடு இருப்பவரும் இல்லை என்ற பொருளில் பதில் சொன்னார். இலக்கணப் புத்தகத்தில் முடியாத இறந்தகாலத்துக்குக் கொடுக்கிற விளக்கத்தை ஒரு கொலைகாரன் வாயால் கேட்பதுபோல் இருக்கிறது.

ஜனநாயகம் திரும்பியதும், 1983 டிசம்பரில், நடந்ததை விசாரித்துப் பதிவு செய்ய ஒரு கமிஷன் அமைத்தார்கள். அதற்குத் தலைமை வகித்தவர் எர்னெஸ்தோ ஸபாதோ. நீதிபதி அல்ல, பௌதிகம் படித்து, அதை விட்டுவிட்டு நாவலாசிரியரானவர். ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது என்று எழுதிப் பழகிய கை, இப்போது வேறுவிதமாக எழுதவேண்டியிருந்தது. இன்ன தேதியில், இன்ன வீட்டிலிருந்து, இன்னாரைக் கொண்டுபோனார்கள். இன்ன கட்டிடத்தில் அடைத்தார்கள். 1984 செப்டம்பரில் கொடுத்த அறிக்கையில் ஏறத்தாழ 9,000 பேருடைய விவரமும், சுமார் 340 ரகசியச் சிறைகளின் விவரமும் இருந்தன. தொகை 30,000 என்பது மனித உரிமை இயக்கத்தாரின் கணக்கு. மறு வருஷம், 1985இல், பழைய ராணுவத் தலைவர்களைச் சிவில் கோர்ட்டில் நிறுத்தினார்கள். 800க்கு மேற்பட்ட சாட்சிகள் பேசினார்கள். விதேலாவுக்கு ஆயுள் தண்டனை. கோர்ட்டுக்கு வழக்கம் புரியாது, செயல்தான் புரியும். பிடித்துக்கொண்டிருந்தார்கள், அடித்துக்கொண்டிருந்தார்கள் என்று சாட்சி சொன்னால், யார், என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று கேட்கும். சாட்சிக்கு அது கொடுமையாக இருக்கலாம். ஆனால் குற்றவாளிக்குப் புதர் இல்லாமல் செய்வது அந்தக் கேள்விதான்.

1986 டிசம்பரில் அரசாங்கம், ராணுவத்தின் நெருக்கடி தாங்காமல், இனிப் புதிதாக வழக்குப் போட 60 நாள்தான் கெடு என்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன் பெயர் முற்றுப்புள்ளிச் சட்டம்! இதை நான் கற்பனை செய்யவில்லை. அங்கே ஜனங்கள் அதை அழைத்த பெயரே அதுதான். முடியாத வாக்கியத்துக்குச் சர்க்கார் புள்ளி வைத்துப் பார்த்தது. புள்ளி நிற்கவில்லை. 2003இல் அவர்களுடைய பார்லிமெண்ட் அதை ரத்து செய்தது. 2005இல் சுப்ரீம் கோர்ட்டு அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. வழக்குகள் மறுபடி நடந்தன.

இவ்வளவும் முடிந்த இறந்தகாலத்தின் பக்கம் பேசுகிறது. ஆனால் தாய்மார்கள் இருக்கிறார்களே!

1977 ஏப்ரல் 30ஆம் தேதி, புவெனஸ் அயர்ஸ் நகரத்தில் அரசாங்க மாளிகைக்கு எதிரே உள்ள மே மைதானத்தில் பதினாலு பெண்கள் கூடினார்கள். கூட்டம் கூடக்கூடாது, நகருங்கள் என்று போலீஸ்காரர்கள் விரட்ட, இரண்டிரண்டு பேராக நடுவிலிருக்கும் தூணைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார்கள். பிறகு வியாழக்கிழமைதோறும் நடந்தார்கள். தலையில் வெள்ளைத் துணி; முதலில் கட்டியது குழந்தைகளுக்கு அரையில் கட்டுகிற துணி. அவர்களில் முக்கியமான அஸுஸேனா வில்லஃப்ளோர் என்ற அம்மாளையே அந்த டிசம்பரில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கடற்கரையில் ஒதுங்கி, பெயர் இல்லாமல் புதைக்கப்பட்டிருந்த எலும்புகள் அவருடையவைதான் என்று 2005இல் சோதனையில் தெரிந்தது. சாம்பலை அதே மைதானத்தில் புதைத்தார்கள்.

எலும்பு கிடைத்தால் வாக்கியம் முடியும். அதை முடித்துக்கொள்வதா வேண்டாமா என்பதில் அந்தத் தாய்மார்களுக்குள்ளேயே பிளவு வந்தது. 1986இல் இரண்டு அமைப்புகளாகப் பிரிந்தார்கள். காரணங்கள் பல, அவற்றில் ஒன்று இது. ஒரு சாரார், குழிகளைத் தோண்டட்டும், எலும்புகளை அடையாளம் காணட்டும், நம் பிள்ளைகள் எப்படிச் செத்தார்கள் என்று தெரியவேண்டும் என்றார்கள். மற்றவர்கள் தோண்டக்கூடாது என்றார்கள், நஷ்டஈட்டையும் தொடமாட்டோம் என்றார்கள். உயிரோடு கொண்டுபோனீர்கள், உயிரோடு கொடுங்கள் என்பது அவர்களுடைய வழக்கு. பிள்ளை வரமாட்டான் என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரிந்திருக்கும். ஆனால் ஒரு மரணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு ரசீது எழுதிக் கொடுக்க அவர்கள் தயாரில்லை. முதல் சாரார் பக்கம் நியாயம் இருக்கிறது என்று என் புத்தி சொல்கிறது. தேதியும் பெயரும் வேண்டும் என்று மேலே வாதாடியவன் நான்தானே. இரண்டாவது சாராரைப் பார்த்து நீங்கள் செய்வது தப்பு என்று சொல்ல என் நாக்குப் புரளவில்லை. மகனைப் பற்றித் தாய் 'கந்தாபா' என்றால், பாடுவது நின்றுவிட்டதா இல்லையா என்பதைக் கேட்க அந்தச் சொல்லில் இடமில்லை. கொலைகாரன் ஒளிந்துகொண்ட அதே காலத்துக்குள் தாயும் போய் உட்கார்ந்திருக்கிறாள். அவனை அங்கிருந்து இழுத்து வெளியே விடவேண்டும் என்பதற்காக அவளையும் எழுப்பிவிடலாமா?

1994இல் அந்த நாட்டுச் சட்டம் ஒரு வழி செய்தது. இறந்தவர் என்று தாய் கையெழுத்துப் போடவேண்டாம். பலவந்தமாகக் காணாமல் ஆக்கப்பட்டு இல்லாதவர் என்று ஒரு தனி நிலையை எழுதி வைத்தார்கள். சொத்து, வாரிசு விவகாரங்கள் அதை வைத்து நடக்கும். இலங்கையிலும் 2016இல் இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் இல்லாமையைக் காட்டும் சான்றிதழ் ஒன்றுக்குச் சட்டத்தில் இடம் செய்தார்கள். சர்க்கார் காகிதங்களே முடியாத இறந்தகாலத்தில் எழுதக் கற்றுக்கொள்ளவேண்டிய காலம் வந்துவிட்டது.

இலங்கை என்றதும் நம்முடைய வினைச்சொல் ஞாபகம் வருகிறது. ஸ்பானிஷ் 'கந்தாபா'வுக்குத் தமிழில் ஒரே சொல் இல்லை என்று மேலே சொன்னேன். 'பாடிக்கொண்டிருந்தான்' ஒரு பாதி. மறுபாதிக்கு, அதாவது பழைய வழக்கத்துக்கு, நாம் எதைப் பயன்படுத்துகிறோம்? எதிர்காலத்தை. 'எங்கள் தாத்தா நாலு மணிக்கே எழுந்திருப்பார், ஆற்றுக்குப் போவார், திருவாசகம் சொல்லிக்கொண்டே வருவார்' என்கிறோம். தாத்தா போய் நாற்பது வருஷம் இருக்கும். நாளைக்கு வரப்போகிற மாப்பிள்ளையையும் 'வருவார்' என்றுதான் சொல்கிறோம். எழுத்தில் ஓர் அணுவளவும் வித்தியாசம் கிடையாது. இலக்கணக்காரர்கள் கால வழுவமைதி என்று சமாதானம் சொல்லியிருக்கிறார்கள். ஸ்பானிஷ்காரன் போன காலத்தின் முடிவைச் சொல்லாமல் விடுகிறான். நாம் போன காலத்தையே கொண்டுபோய் வரும் காலத்தின் வாசலில் நிறுத்திவிடுகிறோம்.

2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார்கள் படங்களை வைத்துக்கொண்டு பந்தலில் உட்கார்ந்தார்கள். யுத்தத்தின் கடைசி நாட்களில், 2009இல், ராணுவத்திடம் தங்கள் கையாலேயே ஒப்படைத்த பிள்ளைகளைக் கேட்டவர்கள் அவர்களில் பலர். வருஷங்கள் போயின, சில தாய்மார்கள் பிள்ளையைப் பார்க்காமலே கண்ணை மூடினார்கள். அப்படி ஒரு தாய் படத்தைக் காட்டி, 'இவன் நல்லாப் பாடுவான்' என்று சொன்னால், கேட்கிறவர் அதை இறந்தகாலமாக எடுத்துக்கொண்டு தலையை ஆட்டலாம். அவள் எந்தக் காலத்தில் சொன்னாள் என்பதற்கு அந்தச் சொல்லில் அடையாளம் ஏதும் இல்லை.